அடர்த்தி அக்காவின் பொடி எழுத்து

காவிரி டெல்டா மொத்தத்தையும் ஒரே கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் தஞ்சாவூரில், கல்லணைக் கால்வாய்க் கரையோரத்து மகளிர் விடுதி ஒன்றின் மாடியில், கடைசி அறையில், எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது; ஆதார் அட்டையில் அச்சடித்துக்கூடக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்களுக்கு அவர் அடர்த்தி அக்கா. கூரியர் கொண்டுவருபவர்கூட வாசலில் நின்று "அடர்த்தி மேடம்!" என்றுதான் குரல் கொடுப்பார்.

கூந்தலை வைத்து வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அக்காவின் கூந்தல் ரொம்பச் சுமார். இது போன் திரையின் அடர்த்தி. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. எழுத்தும் படமும் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்வது அந்த எண்தான். எண்ணைக் கூட்டினால் எல்லாம் பெருக்கும், திரையில் கொஞ்சம்தான் கொள்ளும். குறைத்தால் எல்லாம் சிறுக்கும், நிறையக் கொள்ளும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்து முடித்துவிடுகிறோம். அக்காவால் அப்படி வாழ முடியவில்லை.

விடுதிக்கு நான் வந்த முதல் நாள், பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, செய்ய வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்: மெத்தை உறை, வாளி, பிளக் பாயிண்ட், ஜன்னல் கொக்கி. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் போனை மூக்குக்கு நேராகப் பிடித்து, அதை முகர்ந்து பார்ப்பவர் போலப் படுத்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உன் போன் எவ்வளவு?"

"பதினெட்டாயிரம்க்கா."

"விலைய யாரு கேட்டா? அடர்த்தி எவ்வளவு?"

நான் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர்கள் எழுதிய ஆப்களில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் பதில் தெரிந்திருந்தது.

"நானூத்தி நாப்பதுக்கா. வாங்கும்போது என்ன இருந்துச்சோ அதுதான்."

அக்கா போனை இறக்கி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கம்பெனிக்காரன் வச்சு விட்ட கண்ணால உலகத்தப் பாத்துட்டு இருக்க. பாவம்."

பிறகு தன் போனைக் காட்டினார். வெள்ளைத் தாளில் யாரோ கடுகைக் கொட்டிவிட்டது போல இருந்தது. அந்தக் கடுகுகள்தான் ஆப்கள். கடிகாரம் ஒரு தூசி. பேட்டரி அளவு தெரிய வேண்டும் என்றால் நம்பிக்கை வேண்டும். அக்காவின் அடர்த்தி நூற்றைம்பதை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த மனுஷிக்குக் கண்ணாடி கிடையாது. தலைவலி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

செட்டிங்ஸில் இதற்கென்று ஒரு கோடு இருக்கிறது. இழுத்தால் திரையில் உள்ளது கொஞ்சம் பெரிதாகும், கொஞ்சம் சிறிதாகும். அக்காவுக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே ஆகாது. "ஆத்துக்கு நடுவுல நிக்கிறவளுக்கு டம்ளர்ல தண்ணி குடுக்குறான்" என்பார். போனை ரூட் செய்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். காசு கொடுத்து நாம் வாங்கினாலும் போனின் உள்ளறைச் சாவி கம்பெனியிடம்தான் இருக்கும். அந்தச் சாவியைக் கைப்பற்றுவதுதான் ரூட் செய்வது. அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், என்ன எண் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஒயர் மாட்டினால் சாவி இல்லாமலே இதைச் செய்யலாம் என்று நான் பலமுறை எடுத்துச் சொன்னேன்.

"செய்யலாம் லிஸ்ட்டு. ஆனா அது கொல்லப்பக்கம் நின்னு கேட்டு வாங்குறது. நான் வீட்டுக்காரியா உள்ள போகணும்."

லிஸ்ட்டு என்பது நான்தான். மளிகை முதல் மனவருத்தம் வரை எதையும் வரிசையாகச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டாம் நாளே அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

வீட்டுக்காரியாக உள்ளே போனதற்கு அக்கா கொடுத்த விலையும் உண்டு. ரூட் செய்த போனைப் பணம் அனுப்பும் ஆப்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். ஊரே பூக்காரம்மாவுக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, அக்கா மட்டும் சுருக்குப்பையை அவிழ்த்துக்கொண்டு நிற்பார்.

"பாதுகாப்பு இல்லாதவன்னு சொல்லுதுடி என்னைய."

"உங்களை இல்லக்கா, உங்க போனை."

"ரெண்டும் ஒண்ணுதானே" என்பார், மனசாரவே.

அப்படிப்பட்டவரும் ஒரு தடவை சறுக்கினார். ஒரு விடியற்காலை அரைத் தூக்கத்தில் எண்ணை மாற்றும்போது கடைசியில் இரண்டு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. திரை முழுக்க ஒரே ஒரு கறுப்பு வளைவு. ஏதோ ஓர் எழுத்தின் ஏதோ ஒரு மூலை. அது எந்த எழுத்து என்று எங்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அலாரம் அடித்தது. நிறுத்துவதற்கான பொத்தான் திரைக்கு வெளியே, எங்கேயோ திருவாரூர் பக்கம் இருந்திருக்க வேண்டும். அணைக்கவும் முடியவில்லை, அதற்கும் அந்தத் திரையிலேயே ஒரு பொத்தானைத் தொட வேண்டும் என்றது போன். மற்றவர்கள் தூக்கம் கெடுகிறதே என்று அக்கா கீழே போய், சமையலறை அரிசி டிரம்மில் அதைப் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சமையல் செய்யும் மேனகாக்கா படியேறி ஓடி வந்தார். "எல்லாரும் எந்திரிங்க! அரிசி பாடுதுங்க!"

நான் டிரம்மில் கைவிட்டுத் தேடி எடுத்து, லேப்டாப்பில் ஒயரை மாட்டி, பழைய நிலைக்குத் திரும்பும் அந்த ஒற்றை வரியைத் தட்டினேன். வளைவு சட்டென்று சுருங்கி, கடுகுகள் எல்லாம் திரும்பி வந்தன. அக்கா நன்றி சொல்லவில்லை. "கொல்லப்பக்கமும் ஒரு கதவு இருக்குறது நல்லதுதான்" என்றார். அதற்குப் பிறகு பல நாள் மேனகாக்கா அரிசி அளக்கும் முன் டிரம்மில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்.

போன் மட்டும் என்றால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் அக்கா அடர்த்தி சொல்வார். "நம்ம டவுன் பஸ் கண்டக்டர் நூத்தி அறுவது. ஒரு பார்வைல முழு பஸ்ஸும் தெரியும், டிக்கெட் எடுக்காதவன் வேர்வை வரைக்கும். மேனகா அறுநூறு. கொழம்பு வச்சா கொழம்பு மட்டும்தான், ரசம்னு ஒண்ணு உலகத்துலயே கெடையாது."

"என்னாது அறுநூறு? இந்த மாசம் அஞ்சு கிலோ எறங்கியிருக்கேன், தெரியுமா?" என்று மேனகாக்கா கரண்டியோடு வருவார்.

"எனக்கு எவ்வளவுக்கா?" என்று நானும் கேட்டேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் பாத்துட்டு இருக்கேன்." எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ஒரு டெஸ்டரை இப்படி முடிவு சொல்லாமல் வைத்திருப்பது பெரிய கொடுமை.

அக்காவின் உத்தியோகம் வாய்க்கால் வரைவது. பழைய நில அளவைப் புலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. நாளெல்லாம் ஆறு, வாய்க்கால், வயலுக்குள் பாயும் சின்னக் கன்னி, வடிகால் என்று நீலக் கோடு இழுத்துவிட்டு, சாயங்காலம் மொட்டைமாடிக்கு வந்தும் அதையேதான் பார்ப்பார். தானாகவே ஒரு வரைபட ஆப் செய்து போனில் போட்டுக்கொண்டிருந்தார். கல்லணையில் ஆரம்பித்துக் கடல் வரைக்கும் அத்தனை தண்ணீரும் அதில் இருந்தது.

கார்த்திகை மாதத்துச் சாயங்காலங்கள் அவை. கால்வாய் கரை தட்டப் போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு வெளியே வயல்களில் இளம்பயிரின் இடையிடையே வானம் விழுந்து கிடக்கும். மழை வரப்போகிறதா, பெய்து ஓய்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கனவில் பேசுபவர் போலப் பேசுவார்.

"பாரு லிஸ்ட்டு. கல்லணைல காவேரி தலைப்பு எழுத்து மாதிரி நிக்குது. அப்புறம் வெண்ணாறு, வெட்டாறுன்னு பிரிஞ்சு கொஞ்சம் சின்ன எழுத்து. அதுலேருந்து வாய்க்கா. வாய்க்காலேருந்து கன்னி. போகப் போக எழுத்து சின்னதாயிட்டே போகுது. ஆனா ஒரே சேதிதான். ஒரு எழுத்துகூட விட்டுப்போகலை."

"இவ்வளவு பொடியா எதுக்குக்கா வைக்கணும்? ஜூம் பண்ணிக்கலாமே?"

அக்கா வரைபடத்தின் வலது ஓரத்தைக் காட்டினார். நன்னிலத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கோடு, நூலாக இளைத்து, ஒரு பெயரில் போய் முடிந்தது. கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம்.

"எங்க ஊரு. எப்பவும் ஓரத்துலதான் இருக்கும். கொஞ்சம் பெரிசு பண்ணா வெளிய போயிடும். மேட்டூர் தொறந்தாலும் கடைசில, நிவாரணம் வந்தாலும் கடைசில, பஸ்ஸும் கடைசில. போன்லயாவது உள்ள இருக்கட்டுமேன்னு..."

எனக்கு அதை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியவில்லை. கீழே கால்வாய் போய்க்கொண்டே இருந்தது.

இப்போது டீச்சரம்மாவுக்கு வருகிறேன். எங்கள் விடுதியை நடத்துபவர் அவர்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, கணவர் கட்டிய வீட்டை விடுதியாக்கியவர். லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம்; தேவாலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். ஆண்டுதோறும் சம்பா அறுவடை முடிந்ததும் அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். நெற்கதிர், கரும்பு, பூசணி, வாழைத்தார், கோழி என்று விளைந்ததையெல்லாம் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். அன்றைக்கு வேதபாடம் வாசிப்பது டீச்சரம்மா. அவர் வாசிப்பதற்கென்றே வெளியூரில் இருந்து ஆட்கள் வருவார்கள்.

அந்த வருடம் டீச்சரம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பண்டிகையோ வேகமாக வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் இருந்த அவர் மகன் ஜெயசீலன் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் டீச்சரம்மா எங்களிடம் உடைத்துப் பேசினார். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவன் என்னைய விட மாட்டான். ஹாஸ்டல பூட்டிட்டு வாங்கம்மான்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கான். பன்னெண்டாவது மாடிடி. ஜன்னலத் தொறந்தா எதிர்ல இன்னொரு ஜன்னல். அங்க போய் நான் என்ன பண்ணுவேன்?"

"பெரிய எழுத்துல தாள்ல அச்சடிச்சுத் தரட்டுமா டீச்சரம்மா?" என்றேன்.

"மொத வரிசைல உக்காந்திருக்கிறவங்களுக்கு அந்தத் தாளு சினிமா போஸ்டர் மாதிரி தெரியும். அவனும் மொத வரிசைலதான் உக்காருவான்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். "போன்ல வாசிங்க. இப்பல்லாம் ஐயருமாரே போன்லதான வாசிக்கிறாங்க? எழுத்து எவ்வளவு பெருசுன்னு எதுக்க இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சரம்மா போனில் வேதபாட ஆப் ஒன்று இருந்தது. யாரோ ஒரு பக்தர் எப்போதோ செய்தது. எழுத்து அளவு அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் அதன் எழுத்து அசையவில்லை. வேறு ஆப் போட்டுத் தருகிறேன் என்றேன். "பக்கம் எங்க இருக்குன்னு என் விரலுக்கு இதுலதான் தெரியும்" என்று டீச்சரம்மா மறுத்துவிட்டார். போனின் அடர்த்தியையே மாற்றினால் அந்த ஆப்புக்கும் வேறு வழியில்லை. அசைந்துதான் ஆக வேண்டும். அக்காவின் கண்கள் மின்னின. நான் என் ஆட்சேபணைகளை வரிசையாகச் சொன்னேன். ரூட் செய்யப் பூட்டைத் திறக்கும்போது போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். டீச்சரம்மா கணவரின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. ஒயர் வழியே செய்தாலே போதும். எதற்கு வம்பு?

"முடிச்சிட்டியா லிஸ்ட்டு?" என்றார் அக்கா. "படத்தையெல்லாம் நீ ரெண்டு எடத்துல எடுத்து வச்சிரு. அன்னிக்குக் கண்ணு எப்படி இருக்குதோ, கோயில்லயே உக்காந்து எண்ண மாத்தணும். லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து ஒயரா மாட்டுவ?"

படங்களை இரண்டு இடத்தில் அல்ல, மூன்று இடத்தில் எடுத்து வைத்தேன்.

ஒத்திகை சமையலறையில் நடந்தது. மேனகாக்காதான் சபை. "ஆமென் எப்ப சொல்லணும்னு கையக் காட்டுங்க, நான் பூண்டு உரிச்சிட்டு இருக்கேன்" என்றார். அக்கா எண்ணை ஏற்றிக்கொண்டே போனார். அறுநூறு. "மசமசன்னு இருக்கு." எழுநூறு. "இன்னும்." எண்ணூறு. "ஏதோ பூச்சி மாதிரி தெரியுது." ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அக்காவின் முகத்தில் ஒரு வேதனை. "எவ்வளவு வெளிய போகுது பாரு. எவ்வளவு போகுது." தொள்ளாயிரத்தில் டீச்சரம்மா நிமிர்ந்தார். திரையில் இரண்டே இரண்டு வார்த்தைகள் நின்றன, கோயில் தூண் மாதிரி.

"தெரியுது" என்றார் டீச்சரம்மா. "ஆனா ரெண்டு ரெண்டு வார்த்தையா வாசிக்க நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

"வாசிங்க டீச்சரம்மா. மீதி எங்கயும் ஓடிப் போயிடாது. நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. எதையும் திரைக்கு வெளியே விடாத மனுஷி அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பண்டிகை அன்று காலையில் பனி விலகவே இல்லை. கோயிலுக்குள் நெற்கதிர் வாசனை. பீடத்தடியில் பூசணிகள் வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. கால் கட்டிய சேவல் ஒன்று அவற்றை அதிகாரி மாதிரி முறைத்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் ஜெயசீலன். நானும் அக்காவும் அவருக்குப் பின்னால். மேனகாக்கா மட்டும், மாடியில் மிச்சம் இருந்த பெண்களுக்காக விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா போனோடு வாசிப்பு மேடையில் ஏறினார். கண்ணுக்கு நேரே பிடித்தார். இரண்டு வார்த்தை வாசித்தார். கட்டைவிரலால் தள்ளினார். இரண்டு வார்த்தை. தள்ளினார்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்குள் ஒன்று நடந்தது. பாட்டுப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. இருமல்கள் நின்றன. விதை என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினால், எல்லோர் கையிலும் ஒரு பிடி விதை இருந்தது போல இருந்தது. மழை என்று சொல்லிவிட்டு நிறுத்தினால், மழை பெய்து ஓயும் வரை அந்தச் சபை காத்திருந்தது. ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருந்தது என்றுகூடச் சொல்வேன். நான் மிகைப்படுத்துகிற ஆள் இல்லை.

அப்போது டீச்சரம்மா அதே கனிந்த குரலில் வாசித்தார்: "தண்ணி... வழியுது."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறுவடைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மோட்டார... நிறுத்துங்க."

மேனகாக்கா! ஒரு வாக்கியத்தை நாலாக உடைத்து நாலு மெசேஜாக அனுப்புவது அவர் வழக்கம். எங்கள் விடுதிக் குழுவில் போட்ட மெசேஜ், தொள்ளாயிரம் அடர்த்தியில், டீச்சரம்மாவின் திரையை மொத்தமாக மூடிக்கொண்டு நின்றது.

"அய்யோ" என்றார் அக்கா மூச்சுக்குள். "மெசேஜ் வர்றத அமத்தி வைக்க மறந்துட்டேனே. என் போன்ல அதெல்லாம் எறும்பு போற மாதிரி போகும்டி. கண்ணுலயே பட்டதில்ல."

எத்தனையோ ஆப்களில் தப்புக் கண்டுபிடிக்கும் எனக்கும் இது தோன்றவில்லை. சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சரம்மா தலையைத் தூக்கி, சிரிப்பு வந்த திக்கைப் பார்த்தார்.

"அது எங்க ஹாஸ்டல் தண்ணி" என்றார் நிதானமாக. "வழியட்டும். வேதபாடம் தொடருது."

சபையே சிரித்து ஓய்ந்தது. ஆனால் மேனகாக்கா ஓயவில்லை. மெசேஜ் மேல் மெசேஜாக வந்துகொண்டிருக்க வேண்டும். டீச்சரம்மாவின் கட்டைவிரல் திரையில் எதையோ தேடித் தடுமாறியது. அப்போதுதான் ஜெயசீலன் எழுந்தார்.

அவர் மேடை ஏறி அம்மாவின் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு நின்ற எழுத்தைப் பார்த்தார். அப்புறம் அம்மாவின் கண்ணைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது முதுகிலேயே தெரிந்தது.

"என்னப்பா?" என்றார் டீச்சரம்மா, மைக்கில் கேட்காத குரலில்.

அவர் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு விரலை நீட்டினார். மெசேஜ் வரும்போதெல்லாம், ஈ ஓட்டுவது போல, அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். டீச்சரம்மா வாசித்தார். இரண்டு வார்த்தை. ஓர் ஈ. இரண்டு வார்த்தை. அப்படியே கடைசி வரை வாசித்து முடித்தார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் தொடங்கிவிட்டது. அக்கா கூட்டத்துக்கு நடுவில் நின்று, மேனகாக்காவிடமிருந்து எத்தனை மெசேஜ் வந்தது என்று பார்க்க, சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கை தூக்கினால் ஏலம் கேட்டதாகக் கணக்கு. சேவல் அக்காவுக்கு விழுந்தது.

வேப்பமரத்தடியில் ஜெயசீலன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு நாளாம்மா இப்படி?"

"சுகர் எறங்கணும்னாரு டாக்டரு. எறங்குது."

"அங்கயே வந்துருங்களேம்மா. நான் பாத்துக்கிறேன்."

"அங்க வந்தா, மோட்டார நிறுத்துங்கன்னு என்கிட்ட யாருப்பா சொல்லுவா?"

அவர் திரும்பி, சேவலைக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நீங்கதான் எழுத்த அவ்வளவு பெருசாக்குனீங்களா? எவ்வளவுல வச்சிருக்கீங்க?"

"தொள்ளாயிரம் சார்."

சேவல் றெக்கையை அடித்தது. அக்கா அதை இறுக்கிக்கொண்டு, கேட்காமலே சொன்னார்: "காலைல வந்தப்ப நீங்க முந்நூறு சார். ரிட்டன் டிக்கெட்டு, ஹாஸ்டல், கண்ணு, சாமான் செட்டுன்னு எல்லாம் ஒரே பார்வைல. மேடைல நிக்கிறப்ப நீங்களும் தொள்ளாயிரம்."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்தார். அன்று சாயங்காலம் தனியாகத்தான் ஊருக்குப் போனார். ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கே வந்தார்.

டீச்சரம்மாவின் கண் தெளியத் தெளிய, அக்கா எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒவ்வொரு தடவையும் திரையின் ஓரத்தைப் பார்த்து, "வந்துருச்சு பாரு, உள்ள வந்துருச்சு" என்று, தொலைந்த ஆடு பட்டிக்குத் திரும்பியது போலச் சந்தோஷப்பட்டார். சேவலைக் குழம்பு வைக்க மேனகாக்கா இரண்டு முறை முயன்றார், டீச்சரம்மா விடவில்லை. யாரும் கேட்காத நேரத்தில் கூவும் அதற்கு நோட்டிஃபிகேஷன் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆனியில் அக்காவுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று காலையில் என் போனையும் லேப்டாப்பையும் ஒயரையும் கேட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முடிவு சொல்லிட்டேன் லிஸ்ட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன். என் போனில் அவருடைய வரைபட ஆப் ஏறியிருந்தது. அடர்த்தியும் மாறியிருந்தது. எந்தக் கம்பெனியும் வைக்காத, ரெண்டுங்கெட்டான் எண். கடுகும் இல்லை, தூணும் இல்லை. இது ஏன் என்று ஒரு டெஸ்டருக்கு உரிய பொறுமையோடு கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். மொட்டைமாடியில் வரைபடத்தைத் திறந்தபோதுதான் விளங்கியது. இடது ஓரத்தில் கல்லணை. வலது ஓரத்தில், திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, நூலாக இளைத்த அந்தக் கோடும் அது போய் முடியும் பெயரும். எண்ணில் ஒன்றைக் கூட்டினாலும் அந்தப் பெயர் வெளியே போய்விடும்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அச்சில் அது எந்த அளவில் வரும் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு இரண்டு போன் மாற்றிவிட்டேன். புதுப் போன் வந்ததும் செய்ய வேண்டியவை என்று நான் வைத்திருக்கும் வரிசையில் முதலாவது, அந்த எண்ணை வைப்பது. அப்புறம் வரைபடத்தைத் திறந்து, அக்காவின் ஊர் உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.